மணிக்கட்டைத் தூக்குங்க

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒடிந்த எலும்பில் எஃகுத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவது பாதி தச்சு வேலை. மீதிப் பாதி, நோயாளியிடம் வாய் திறந்து கேட்பது. நாலு பேர் எதிரே குரல் எழும்பாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களே, உங்களில் சிலரைப் போல நானும் தெரியாமல் வந்தவள்.

முதல் பாடம்

படிப்பு முடிந்து திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். முதல் வாரமே பெரிய டாக்டர் தியேட்டரில், திறந்த கைக்குள் ஒரு நரம்பைக் காட்டினார். எலும்பை ஒட்டிச் சுற்றிப் போகும் வெள்ளை நாடா. அது போனால் மணிக்கட்டு தொங்கிவிடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன் ஒவ்வொருவரையும் மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி, பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது என் வேலை.

"முன்னாடியே தொங்குச்சுன்னு எழுதலேன்னா, நாம வெட்டினதுன்னுதாம்மா அர்த்தம்" என்றார்.

லால்குடிக்காரர்

வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்த விவசாயி. கட்டிலருகே நின்று, "மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். "என்னது?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். வார்டு முழுக்கக் காது கொடுத்தது.

"ஒடிஞ்ச கையைத் தூக்கச் சொல்லுதே இந்தப் பொண்ணு! தூக்க முடிஞ்சா நான் எதுக்கு லால்குடியிலேருந்து பஸ் ஏறி வரேன்?"

தஸ்பீஹ் மணி

வார்டில் எழுந்த அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காதர் பாய் வந்து சேர்ந்தார். தென்னூரில் நகைக்கல் பட்டை தீட்டுகிறவர். முக்கொம்பு போய்த் திரும்பும்போது சைக்கிளோடு விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது. குச்சி நுனியில் ஒட்டிய கல்லைச் சாணையில் பிடிக்கும் கை. மணிக்கட்டு நிற்காவிட்டால் கல் நிற்காது. கட்டிலைச் சுற்றி அம்மா, நாலு அண்ணன் தம்பிகள். கை துண்டுத் தூளியில் இருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தன.

விரல் அசைகிறதே, போதும் என்று நினைத்தேன். விரலை மடக்கும் நரம்பு வேறு, மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு வேறு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம் அது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல், "மணிக்கட்டைத் தூக்குகிறார்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் ஓர் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது.

"பாத்தீங்களா, பார்வையிலேயே புரிஞ்சுக்கிட்டாங்க. கெட்டிக்கார டாக்டரம்மா!"

குழாயடி

தகடு வைத்த மறுநாள் மணிக்கட்டு தொங்கியது. பெரிய டாக்டர் என் எழுத்தை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நரம்பு தகட்டின் அடியில் சிக்கியிருக்கும், நாளைக் காலையில் மறுபடி திறக்க வேண்டும் என்றார். அவர் போனதும் காதர் பாயின் அம்மா என்னிடம் மெதுவாக, "விழுந்த அன்னிலேருந்தே இப்படித்தான் தொங்குது தாயி. யாரும் கேக்கலியே" என்றார்.

விழுந்த அடியில் மரத்த நரம்பென்றால் திறக்கவே வேண்டாம். காத்திருந்தால் பெரும்பாலும் தானே உயிர் வரும். மறுநாள் தியேட்டருக்கு ஓடினேன். பெரிய டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "சார், அந்தக் கேஸ் ஷீட்" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்று திரும்பினார். "ஒண்ணுமில்லை சார்" என்றேன். திறந்து பார்த்தபோது நரம்பு முழுசாக, தகட்டை விட்டு விலகி இருந்தது.

"அப்பாடா, நான் வெட்டலேம்மா" என்றார் அவர்.

டிஸ்சார்ஜ்

இரண்டாம் தடவை திறந்த புண் சீழ் பிடித்தது. தகட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் மாவுக்கட்டு. மணிக்கட்டுக்குத் தானே உயிர் வந்தது. ஆனால் எலும்பு கோணிக் கூடி, முழங்கை மடங்காமல் போயிற்று. சாணைக்கு முன் உட்கார முடியாத கையோடு காதர் பாய் வீட்டுக்குப் புறப்பட்டார். நான் கேட்காமலே எழுதியதைப் பெரிய டாக்டரிடம் இன்றுவரை சொல்லவில்லை. காதர் பாயிடமாவது சொல்லத்தான் கிட்டே போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"இந்த ஆஸ்பத்திரியில அதட்டாமப் பேசினது நீங்க ஒருத்தர்தாம்மா. அல்லா உங்களை நல்லா வெக்கணும்."

இப்போதெல்லாம் "மணிக்கட்டைத் தூக்குங்க" என்று நான் போடும் சத்தத்தில், எதிர் வார்டில் கால் ஒடிந்து கிடப்பவர்கள்கூடத் தூக்கிக் காட்டுகிறார்கள்.