மூன்றாவது தலையணை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை போன் பேசுவதுதான் வேலை. வெயிலில் நிற்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், நல்ல உத்தியோகம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். யாரிடம் என்ன பேசுகிறாள் என்று தெரிந்தால் அந்த நாற்காலிக்கு ஒருவரும் போட்டி போட மாட்டார்கள்.

சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, பிழைத்து, வளர்ந்து, இன்று கடை கண்ணி வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டி பெற்றுக்கொண்டு நடமாடுகிறவர்களைத் தேடிப் பிடித்து அழைப்பாள். "ஒரு தடவை வந்து இதயத்தை ஸ்கேன் பண்ணிக்கிட்டுப் போங்க" என்பாள். அன்று அவர்களுடைய நோயைக் கொன்ற மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். நரம்பு வழியாக இறங்கும். நோயோடு நிற்காமல் அது சிலருடைய இதயத்திலும் கைவைத்திருந்தது. பத்து வருடமோ இருபது வருடமோ கழித்துத்தான் அது தலைகாட்டும். யாருக்கு வரும், யார் தப்புவார்கள், இப்போது வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மருந்தை எவ்வளவு குறைத்தால் நோயும் போய் இதயமும் பிழைக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. "அன்னைக்கு உயிர் நின்னா போதும்னு அள்ளிக் கொடுத்தோம். இப்ப அதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு" என்பார் பெரிய டாக்டர். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதிலைப் போனில் சொல்கிற வேலையை மட்டும் அவளிடம் தள்ளிவிட்டார்.

பிழைத்தவர்களுக்கு அந்த அழைப்பு வேப்பங்காய். சிலர் பாதியில் வைத்துவிடுவார்கள். சிலர் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால், "ராங் நம்பர்" என்பார்கள். பேசுகிறவர்களிடம் அவள் மூன்று கேள்வி கேட்பாள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? படுக்கும்போது எத்தனை தலையணை வைக்கிறீர்கள்? மூன்றாவதைக் கேட்டதும் பலரும் சிரித்துவிடுவார்கள். "என்னக்கா, தலையணை வியாபாரமா?" அவளும் கூடச் சிரிப்பாள். இதயம் சோர்ந்துபோனால் மட்டமாகப் படுத்ததும் நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். ஏனென்று தெரியாமலே மனிதர்கள் தலையை உயர்த்திக்கொள்வார்கள். ஒன்று என்றால் கவலையில்லை. இரண்டு என்றால் குடைந்து குடைந்து கேட்பாள். மூன்று என்றால் போனைக் கையில் பிடித்தபடியே டாக்டர் அறைக்கு ஓடுவாள்.

பயந்து அழுகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். "எனக்கென்னக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறவர்களைத்தான் அவள் விடாமல் திரும்பத் திரும்ப அழைப்பாள்.

இதில் ஒரு கூத்து உண்டு. அவளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். ஆறு வயதில், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், தலைமுடி கொட்டி, அதே சிவப்பு மருந்து ஏறி, பிழைத்து எழுந்தவள். வீட்டில் அதற்கு நோய் என்ற பெயர்கூடக் கிடையாது. 'அந்த வருஷம்' என்பார்கள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோது அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "யாராவது கேட்டா மஞ்சள் காமாலைன்னு சொல்லு. வேற வார்த்தை உன் வாயில வரக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்படிப்பட்டவள் இந்த வேலைக்கு வந்தது, திருடன் போலீஸில் சேர்ந்த கதைதான். ஆனால் அவளுக்கு அந்தக் குரல்கள் வேண்டியிருந்தன. உலகத்தில் தன்னைப் போல இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்று தினமும் காதால் கேட்க ஆசைப்பட்டாள். அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லை.

கல்யாணம் வரை வருடா வருடம் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவந்தாள். அப்புறம் நின்றுபோயிற்று. எங்கே போகிறேன் என்று வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் கால் வைக்கும் முன், சுவரில் ஒட்டியிருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். தேதி தாண்டியிருந்தால் குடும்பமே படியேற வேண்டியதுதான். கூட வருகிறவர்களுக்கு மானம் போகும். "ஓடுற லிஃப்டைத்தான் செக் பண்ணணும். நின்னுட்டா அப்புறம் என்னத்தச் செக் பண்ண?" என்பான். இந்த வசனத்தை அவள் திருடிக்கொண்டு போய்ப் போனில் எத்தனையோ பேரிடம் விற்றிருக்கிறாள். நன்றாகவே விலைபோயிற்று.

மாமியார் இன்னும் நல்லவர். அதுதான் தொல்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு சண்டையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். அவரோ மருமகள் இருமினால் சுக்குத் தட்டுகிறவர்.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துக் கரு தங்கியது. பிரசவ டாக்டரிடம் முதல் தடவை போனபோது மாமியாரும் கூட வந்தார். டாக்டரம்மா தலை நிமிராமல் கேட்டார், "சின்ன வயசுல பெரிய நோய் ஏதாவது வந்திருக்கா?"

மாமியாரின் கை அவள் முழங்கை மேல் இருந்தது. வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம். என்ன சாக்குச் சொல்லி அனுப்புவது?

"மஞ்சள் காமாலை வந்திருக்கு, டாக்டர்."

"அது பரவாயில்ல" என்று டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தன்னிடம் யாராவது இப்படிப் பொய் சொல்லியிருந்தால் போனிலேயே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள் அவள். அன்று பேசாமல் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள்.

ஐந்தாம் மாதம் வரை ஒன்றுமில்லை. ஆறில் படியேறும்போது மூச்சு வாங்கியது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்காமல் யாருக்கு வாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால் வீங்கியது. எல்லோருக்கும் வீங்குகிறதுதானே என்றாள். படுத்தால் வறட்டு இருமல் வந்தது. மாமியார் தன் தலையணையைக் கொண்டுவந்து அவள் தலைக்குக் கீழே வைத்தார். "உயரமா வச்சுப் படும்மா, இதமா இருக்கும்." இதமாகத்தான் இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. போனில் கேட்கும் அவளுடைய குரலேதான்.

ஏழாம் மாதத்தில் அந்த ரொட்டிக்காரர் விஷயம் நடந்தது. ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கிறவர், வாய் ஓயாத ஆள். மூன்று தடவை அழைத்திருந்தாள். மூன்று தடவையும், "அக்கா, நான் கல்லு மாதிரி இருக்கேன். நீங்க வேற யாராவது நோஞ்சானைப் பாருங்க" என்று சிரித்தே அனுப்பிவைத்தார். நான்காம் தடவை அவர் தங்கை எடுத்தாள்.

"அண்ணன் இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"போன வாரம் அடுப்புப் பக்கத்துல உக்காந்தாரு. எந்திரிக்கல."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அவள் கேட்டாள்: "படுக்கும்போது எத்தனை தலையணை வச்சிருந்தாரு, தெரியுமாம்மா?"

"தலையணையா? படுக்கவே மாட்டாருங்க. கொஞ்ச நாளா சுவத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குவாரு. அடுப்புச் சூட்டுல உடம்பு வலின்னு நெனச்சோம்."

அன்று வீட்டுக்குப் போனபோது அவளுடைய படுக்கை ஏற்கெனவே விரித்திருந்தது. தலைமாட்டில் மூன்று தலையணை. மூன்றாவது புதுசு. உறையில் சின்னச் சின்னப் பூப்போட்டு மாமியாரே தைத்தது. "பஞ்சு நல்ல பஞ்சு, உனக்குன்னே அடைச்சேன்" என்றார் அவர். முகமெல்லாம் சந்தோஷம். அவளுக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. பயத்தோடே அதில் சாய்ந்தாள். சாய்ந்ததும் மூச்சு சுலபமாக வந்தது. வந்ததும் அழுதாள். பிள்ளைத்தாய்ச்சி அழுகை என்று மாமியார் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் போன் பக்கமே போகவில்லை. நேரே பெரிய டாக்டர் அறைக்குள் போய், நின்றபடியே சொன்னாள். ஆறு வயசு, பழைய ஆஸ்பத்திரி, சிவப்பு மருந்து, மூன்று தலையணை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷமா என் கண்ணு முன்னாடி உக்காந்துக்கிட்டு ஊரையெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு இருந்தியேம்மா" என்றார். கண்ணாடியைக் கோபமாக மேஜை மேல் போட்டார். "பிரசவ டாக்டருக்குத் தெரியுமா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

ஸ்கேன் எடுக்கிற அண்ணன் வாயாடி. படுக்கிற ஒவ்வொருவரிடமும், "பாருங்க, உங்களுக்கும் இதயம் இருக்கு. வீட்டுல இல்லைன்னு சொன்னாங்கன்னா கூட்டிட்டு வாங்க, காட்டுறேன்" என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டுவார். நன்றாக இருந்தால்தான் திருப்புவார் என்பது அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும், "போன் அக்காவே வந்தாச்சா! இன்னைக்கு யாரு யாரைக் கூப்பிட்டது?" என்று ஆரம்பித்தார். மார்பின் மேல் கருவியை வைத்தார். அழுத்தினார், நகர்த்தினார், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தார். பேச்சு நின்றது.

"என்ன அண்ணே, எனக்கு இதயம் இல்லையா?" என்று அவளே கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. திரையையும் திருப்பவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. அது ஒன்றுதான் அந்த அறையில் தெம்பாக இருந்தது.

இதயம் பாதி பலத்தில்கூட ஓடவில்லை என்றார் பெரிய டாக்டர். இன்றே அட்மிட் ஆக வேண்டும். இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிள்ளையை எப்போது எடுப்பது, தாய் அதைத் தாங்குவாளா என்றெல்லாம் இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் மாதமே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்று சொல்ல வந்து, அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை அவளே போட்டுக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான வாக்கியம்தானே.

கணவன் வேலை இடத்திலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தான். பின்னாலேயே மாமியார். சக்கரக் கட்டிலில் படுக்கவைத்திருந்த அவள் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"எனக்கு வந்தது மஞ்சள் காமாலை இல்லீங்க. ரத்தப் புற்றுநோய். ஆறு வயசுல. அதுக்குக் கொடுத்த மருந்துல இப்ப இதயம் போயிருக்கு."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு டாக்டரம்மா கேட்டப்ப, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்னுதானே சொல்லல?" என்றார்.

"ஆமா அத்தை."

"என்னை வெளிய போன்னு சொல்லியிருக்கலாமேம்மா. போயிருப்பேனே."

கட்டிலைத் தள்ள வந்த நர்ஸ், தலைக்கு எத்தனை தலையணை வேண்டும் என்று கேட்டாள். "மூணு" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

கணவன் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கிரீஸ் போகவில்லை. அப்படியே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டான்.

"கடைசியா எப்ப செக் பண்ணினே?"

எத்தனையோ பேரிடம் அவள் கேட்ட கேள்வி. அவர்கள் தடுமாறும்போதெல்லாம் போனில் பொறுமையாகக் காத்திருப்பாள். அவனும் காத்திருந்தான்.

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின மாசம்" என்றாள்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நர்ஸ் கட்டிலைத் தள்ளப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்துவிட்டு, உள்ளே எட்டி, சுவரில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தான். அதன் பிறகுதான் அவளை உள்ளே தள்ள விட்டான்.