கூட்டம் கேட்காமல் கொண்டுபோன பெட்டி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆனைக்கரைக்குப் போக வேண்டுமென்றால் கேரளத்தைவிட்டு வெளியேறி, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். கார்த்திகை பிறந்த மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் ஆம்னி வேனில் கிளம்பினோம். வண்டி ஓட்டியது எங்க வீட்டுக்காரர். பின்சீட்டில், வாசலுக்கு வலை அடித்த ஒரு தேனீப் பெட்டி. நான் அதற்குக் காவல்.

எங்கள் தென்னந்தோப்பில் பெட்டி பெட்டியாகத் தேனீ உண்டு. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கியவை. அந்தப் பெட்டித் தேனீ கொட்டாது. வருகிறவர்களிடம் வெறுங்கையால் அடையை எடுத்துக் காட்டுவதில் இவருக்கு அப்படியொரு பெருமை! கேட்டவர்களுக்கெல்லாம் விற்றார். பொள்ளாச்சி வியாபாரி ஒருவரும் வண்டி வண்டியாக வாங்கிப் போனார். இப்போது எங்கள் பக்கம் பறப்பதெல்லாம் அதே வம்சம்தான்.

இரண்டு வருடமாக அடைகளில் பொக்கைவாய் மாதிரி அங்கங்கே வெறும் அறைகள். சொந்தத்துக்குள்ளேயே ராணி கூடினால், அவள் இடும் முட்டைகளில் சில உருப்படாது; வேலைக்காரத் தேனீக்களே அந்தப் புழுக்களைத் தின்றுவிடும். பெட்டிகள் ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டே வந்தன. வெளியிலிருந்து புது ரத்தம் வராவிட்டால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. 

ஆனைக்கரை ரோசம்மாவுக்கும் இதே பாடு. ஏலத்தோட்டத்துக்காரி, தேனீ இல்லாமல் ஏலம் காய் பிடிக்காது. தெரிந்தவர் மூலம் போனில் பேசி, பெட்டிக்குப் பெட்டி மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

பழநியில் இட்லி. தேனி தாண்டியதும் வெயில் ஏறியது; பெட்டிமேல் ஈரத்துணி போட்டேன். கம்பத்திலிருந்து மலை ஏறும்போது முன்னும் பின்னும் மாலை போட்ட சாமிகளின் வண்டிகள். கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கதவைத் திறந்தார்.

"பெட்டியில எந்தா?"

"தேனீச்சங்க. தொறந்து காட்டட்டுங்களா?" என்றார் இவர், வெகு மரியாதையாக.

கதவை அவரே சாத்திவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஆனைக்கரை. ஏலச்செடி வாசனையும் குளிரும். ரோசம்மா என்னைவிடச் சின்னவள். கழுத்தில் ஜெபமாலை, காலில் ரப்பர் பூட்ஸ். பால் விடாத கட்டன்காப்பி கொடுத்த கையோடு எங்களுக்கென்று வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். தேனீக்கள் அப்படியே சாந்தமாக உட்கார்ந்திருந்தன.

"எங்கதுக கொட்டவே கொட்டாதுண்ணே," என்றாள் பெருமையாக.

இவர் முகம் மாறியது. அடை கட்டியிருந்த மரச்சட்டம் ஒன்றைத் தூக்கினார். அதன் மூலையில் பச்சைப் பெயின்ட். எங்கள் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். இவர் செய்கிற சட்டம் ஒவ்வொன்றிலும் அடிப்பது.

"இது எங்க வாங்குனதும்மா?"

"கம்பத்துல ஒருத்தர்ட்ட. அவரு பொள்ளாச்சில எடுத்தாராம்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எங்களில் பெண் பார்க்கப் போனால், தண்ணீர் குடிக்குமுன் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்போம்; ஒரே கூட்டத்துக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

"ஏனுங்க, கூட்டம் கேக்காம பங்காளி ஊட்டுக்கே பொண்ணு பாக்க வந்துட்டமாட்ட இருக்குதுங்களே!" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

ரோசம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏலக்கா ஸ்டோர் செவுத்துல ஒரு காட்டுக்கூடு இருக்குண்ணே. கறுத்த ஈ. கிட்ட அண்டவிடாது."

போனோம். கல்சுவர் இடுக்கிலிருந்து கறுப்புத் தேனீக்கள் சீறின. இவர் கண் அந்த இடுக்கைவிட்டு அகலவில்லை. சுவரைப் பெயர்க்கக் கை பையிலிருந்து உளியை எடுத்துவிட்டது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்கீக," என்றாள். சொல்லும்போதே குரல் உள்ளே போனது. இருப்பது ஒரே ஒரு கூடு; அவளுக்கும் அதுதான் கதி. நான் இவரையே பார்த்தேன். 

உளியை மறுபடி பையில் போட்டார். "எடுத்தா ஒருத்தருக்குத்தான் ஆகும்மா. உட்டு வெச்சா ரெண்டு பேர்த்துக்கும் ஆகும். எம்பொட்டி கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டும்."

எங்கள் பெட்டியிலிருந்து ராணியை எடுத்துவிட்டால், தேனீக்கள் புது ராணியை வளர்க்கும். அவள் வெளியே பறக்கையில் இந்தக் கறுப்பு ஆண் தேனீக்களோடும் கூடுவாள். ரோசம்மாவின் பெட்டிக்கும் அதே வைத்தியம். சுவரை மட்டும் யாரும் தொடக்கூடாது.

எங்கள் பழைய ராணியை நசுக்க இவருக்கு மனம் வரவில்லை. தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது மலை இறக்கத்தில் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்தார். பழநி தாண்டி ஒருமுறை தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார்; அதற்கப்புறம் பையைத் தொட்டே பார்க்கவில்லை.  பின்சீட்டு காலியாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ரோசம்மாவின் போன்.

"அண்ணே, ஒங்க பெட்டியத் தொறந்தேன். மூஞ்சியிலயே கொட்டிப்புருச்சு!"

"அடை எப்படிம்மா இருக்குது?"

"நெருக்கமா இருக்குண்ணே. ஓட்டையே காணோம்."

இவர் சமையலறைக்கு ஓடிவந்தார். பேரன் பிறந்த சேதிக்குக்கூட இப்படி ஓடிவந்த மனுஷன் இல்லை. "கொட்டிருச்சாமா!" என்றார். பிறகு பரணிலிருந்து பழைய கொசுவலையை இறக்கி என் மடியில் போட்டார்.

"நாளைக்கு ஆனைக்கரை போறம். மூஞ்சிக்கு வலை தச்சுரு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு."