பாட்டு நின்றதும் ஓடி வந்தவர்

கோயிலில் காலைப் பூசைக்குப் பூக்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். டீட்டிகோன் நகரிலிருந்து தவமலர் அக்காவின் மகள் வாணி அழைத்தாள். "மாமா, அம்மா விடியப்புறம் எங்களை விட்டு மோசம் போயிட்டா," என்றாள். பூசையை எப்படி முடித்தேன் என்று தெரியாது. பதிகத்தின் நடுவே அடிகள் மறந்துபோயின.

பேர்ண் நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் வாழும் நம்மவர்க்குத் தவமலர் அக்கா அவர்களை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அறியாதவர்களும் அவரைக் கண்டிருக்கக்கூடும். தலைமுறைகள் தாண்டி இன்றும் பார்க்கப்படும் ஓர் இந்திக் காதற்படத்தில், பனிச்சரிவில் காதலர் இருவர் சொல்லின்றி நிற்க, காட்சியின் ஓரத்திலிருந்து கம்பளிப் போர்வையோடு ஒரு பெண் ஓடிவருவார். அவர்தான் எங்கள் அக்கா.

அவருடைய அகதி விண்ணப்பம் முடிவின்றிக் கிடந்த காலம் அது. கணவர் சிவபாதம் அண்ணையும் சிறுமி வாணியும் யாழ்ப்பாணத்தில், குண்டுச் சத்தங்களுக்கு நடுவே. அக்காவுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்தால்தான் அவர்களை அழைக்க முடியும். அதுவரை வேலை செய்யவும் அவருக்கு அனுமதி இல்லை. ஆயினும், அயல் மாநிலத்து மலை ஹோட்டலொன்றில் வேலைசெய்த நம்மவர் ஒருவர், பம்பாயிலிருந்து வந்த படக்குழுவுக்கு மரக்கறிச் சாப்பாடு சமைக்க ஆள் வேண்டுமென்று கேட்டபோது, அக்கா போய்விட்டார். வெறுங்கையோடு இருந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தால் தலை வெடித்துவிடும் என்பதே அவர் சொன்ன காரணம்.

நாயகனுக்குக் கனத்த கம்பளிச் சட்டை. நாயகிக்கோ காற்றில் பறக்கும் மெல்லிய சேலை. ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் அவருக்குப் போர்வை போர்த்தவென்று வந்த பெண் காய்ச்சலில் படுத்துவிட, அந்தப் பணி அக்காவிடம் வந்தது. கடைசி நாள். வெயில் மலைமுடிக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. ஒரே தடவைதான் எடுக்கலாம். ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, நாயகியின் உதடுகள் அசைந்தன. விரல்கள் நீலம் பாரித்தன. பாட்டு நின்றது. அக்கா ஓடினார்.

காட்சி முடிந்திருக்கவில்லை. பாட்டு அடங்கியபின் காதலர் இருவரும் மௌனமாக ஒருவரையொருவர் நோக்கி நிற்பதே இயக்குநர் கருதிய முடிவு. இந்தியில் சொல்லப்பட்ட அது அக்காவுக்கு விளங்கியிருக்கவில்லை.

"கோயிலிலை பதிகம் முடிஞ்ச உடனை திரை விலகும், தீபம் காட்டுவினம். பாட்டு நிண்டால் அடுத்தது எங்கடை வேலைதானே, தம்பி," என்று பின்னர் என்னிடம் சொன்னார். "அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிக்குது. நான் என்னெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது?"

ஓடி வந்தவரைக் கண்ட நாயகியின் முகம் அழுகையும் சிரிப்புமாகக் கலைந்தது. திட்ட வாய் திறந்த இயக்குநர் திறந்தபடியே நின்றாராம். வெயில் போய்விட்டது. எடுத்தது எடுத்தபடி படத்தில் சேர்ந்தது.

அந்தக் காட்சியே படத்தின் உயிர் என்று மக்கள் கொண்டாடினர். நம் அகப்பாடல்களில் தலைவியின் துயரறிந்த தோழி ஒருத்தி இருப்பாள். அக்காவை அப்படித் தோழி என்றார்கள் சிலர். தாய் என்றும் விதி என்றும்கூட எழுதினார்கள். அனுமதியின்றி வேலைசெய்த அகதி என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றிவிடுமோ என்பதே அக்காவின் பயம்.

தமிழ்க் கடைக்கு அந்தப் படத்தின் கசெட் வந்தது. நண்பர் வீடொன்றில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். "அக்கா, ஹீரோவை விட உங்கடை ஓட்டம்தான் திறம்," என்று ஒருவர் பகிடி விட, சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. "இதை ஆர் ஆர் பாத்திருப்பினம்?" என்று மட்டும் கேட்டார். பின்னர் அப்படம் ஜெர்மன் மொழிபெயர்ப்பு எழுத்துகளோடு பேர்ண் திரையரங்கொன்றுக்கும் வந்தது. அவர் நாள்தோறும் ஏறும் டிராம் தரிப்பிடத்திலேயே சுவரொட்டி. அதில் காதலர்களுக்குப் பின்னால், மங்கலாக, அவர் முகம். அடுத்த தரிப்பிடம்வரை நடந்துபோய் ஏறத் தொடங்கினார்.

அந்த வாரத்தில்தான் இறுதி விசாரணைக்கு அழைப்பு வந்தது. தெரிந்தவர்கள் அனைவரும் ஒரே புத்தி சொன்னார்கள்: "வேலை செய்தனீங்களோ எண்டு கேட்டால், இல்லை எண்டு சொல்லுங்கோ."

அக்கா கோயிலில் என்னிடம் வந்தார். "தம்பி, நீர் சுவாமிக்கு முன்னாலை நிண்டு பாடுறனீர். நான் பொய் சொல்லலாமோ?"

"பிள்ளைக்காகத் தாய் சொல்லுகிற பொய்யைச் சிவபெருமான் பொறுப்பார், அக்கா," என்றேன்.

"அவர் பொறுப்பார். அந்தப் படம் பொறுக்காது. அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

விசாரணை நாளில் அவரோடு நானும் சென்றேன். என்னை உள்ளே விடவில்லை. நடைபாதையில் அமர்ந்து பதிகத்தை மனத்துள் உருவேற்ற முயன்றேன். கதவின் மீதே கண் போயிற்று. வெளியே வந்தவரின் உதடுகள் வெளுத்திருந்தன.

"கேட்டவையோ?"

"ஓம்."

"என்ன சொன்னீங்கள்?"

"செய்தனான் எண்டன். எங்கை எண்டதும் சொன்னன்." என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "தம்பி, அங்கை ஊரிலை எனக்கு நடந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை. என்ர வாய்ச்சொல் மட்டும்தான். இதிலை நான் பொய் எண்டு பிடிபட்டால், அதையும் பொய் எண்டுவினம்."

முடிவு வரவில்லை. ஒரு பனிக்காலம் கழிந்தது, மற்றொன்றும் கழிந்தது, பிறகு இன்னும் சிலவும். தபாற்பெட்டியைத் திறக்க அஞ்சி, அக்கா அதன் திறப்பை அயல்வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். ஊரிலிருந்து செய்தி வராத வாரங்களும் இருந்தன. கடைசியில் அனுமதி கிடைத்து, அண்ணையும் வாணியும் வந்து சேர்ந்தார்கள். சிறுமியாக விட்டு வந்த மகளை விமான நிலையத்தில் குமரியாகக் கண்டு, அடையாளம் பிடிக்கத் தடுமாறினார். தாமதத்துக்கு அந்த வாக்குமூலந்தான் காரணமா என்று எவரும் சொல்லவில்லை. அண்ணை அப்படித்தான் நம்பினார். அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தால் உடனே அணைத்துவிடுவார்.

"அவருக்குப் படத்தோடை கோபம். என்னோடை கோபிக்க மனம் வரேல்லை," என்பார் அக்கா.

படத்தின் புகழோ வளர்ந்தது. புதுமணத் தம்பதிகள் போர்வையோடு வந்து அச்சரிவில் நின்று படம் எடுத்தார்கள். முதுமையில் ஒருமுறை வாணி அக்காவை அங்கே அழைத்துப் போனாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க," என்றாளாம். அக்கா விலகி நின்றார். "இந்த முறை சொன்னபடி நிண்டன்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நேற்று மயான மண்டபத்தில், மலர்களுக்கு நடுவே அவர் துயின்றுகொண்டிருந்தார். நான் பதிகம் பாடி முடித்து அமர்ந்தேன். அண்ணை மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ர போனிலை அந்த இடத்தைக் காட்டு."

"எந்த இடம், அப்பா?"

"அம்மா ஓடுற இடம்."

வாணி என்னைப் பார்த்தாள். பின், தேடி எடுத்து அவர் முன் பிடித்தாள். அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை அருகே கொண்டுபோனார். பிரிந்திருந்த அந்த ஆண்டுகளில் அக்காவைப் படம் எடுத்து வைக்க எங்களில் எவரிடமும் கமரா இருந்ததில்லை.

"இந்த வயசிலை நான் இவவைக் காணேல்லை," என்றார் அண்ணை. "இன்னொருக்காப் போடு."

தவமலர் அக்கா, காத்திருப்பில் உங்கள் பாதி வாழ்வு கழிந்தது. இறைவன் திருவடியிலாவது காத்திருக்க நேராமல் சேர்ந்திடுக.

மண்டபத்துப் பணியாளர் நேரமாயிற்று என்பதுபோல் கதவருகே வந்து நின்றார். வாணி மறுபடி போட்டாள். பனியில் இளம்பெண்ணொருத்தி ஓடி வந்தாள். அண்ணை போனிலிருந்து கண்ணை எடுக்காமல், நாற்காலியின் கையைப் பற்றி, மெல்ல எழுந்து நின்றார்.