ரேடியோவில் போன தக்காளி ஜாம்

அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. அப்போது நான் செஞ்சியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வல்லம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சேவிகாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிராம சேவிகா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, சமையல், சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு என்று சொல்லிக் கொடுக்கிற அரசாங்க உத்தியோகம். எனக்கு வயது இருபத்திரண்டு. வேலை தற்காலிகம், வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுத்தால்தான் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் செய்த காரியத்துக்கு இதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

அந்த வேலையில் ரேடியோவுக்கும் ஒரு பங்கு இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் சர்க்கார் கொடுத்த ரேடியோப் பெட்டி ஒன்று இருக்கும், கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் கிராமப் பெண்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். பெண்களை உட்கார வைத்து அதைக் கேட்கச் செய்து, எத்தனை பேர் வந்தார்கள், யார் என்ன சந்தேகம் கேட்டார்கள் என்று மாதா மாதம் ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரு பிரதி பிளாக் ஆபீஸுக்கு, ஒரு பிரதி வானொலி நிலையத்துக்கு. அவர்கள் அந்தக் கேள்விகளை வாசித்துப் பதில் சொல்வார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். மத்தியானத்தில் எந்தக் கிராமத்துப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் உண்மையாகவே அலைந்தேன். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டால் வீட்டில் ஆள் இருக்காது, எல்லோரும் வயலில். பஞ்சாயத்து ஆபீஸ் சாவி குமாஸ்தாவிடம். அவரோ பேட்டரி தீர்ந்துபோகும் என்று சாயங்காலம் தவிரப் பெட்டியைத் தொடவே விடமாட்டார். ரிப்போர்ட்டில் ‘வந்தவர்கள்: இல்லை’ என்று எழுதினேன். பிளாக் ஆபீஸின் மேலதிகாரி பி.டி.ஓ. அதைத் திருப்பி என் முன்னால் போட்டார்.

"ஏம்மா, பூஜ்யம் போட்டு அனுப்பறதுக்கா உன்னை வேலைக்கு வெச்சிருக்கோம்?"

மூன்றாவது மாதம் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். பஞ்சாயத்து ஆபீஸில் வாக்காளர் பட்டியல் கிடந்தது. அதிலிருந்து இருபத்தைந்து பெண்களின் பெயரை வரிசையாக எழுதினேன். கேள்விக்கு எங்கே போவது? பயிற்சி முகாமில் எங்களுக்குத் தக்காளி ஜாம் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘தக்காளி ஜாமில் பூஞ்சணம் பிடிக்காமல் பாதுகாப்பது எப்படி?’ என்று ஒரு கேள்வியை எழுதி, பட்டியலில் கண்ணில் பட்ட ஒரு பெயரை அதன் பக்கத்தில் போட்டேன். பி.டி.ஓ.வுக்குப் பரம திருப்தி. எனக்கும்தான். வெட்கமே இல்லாமல் அடுத்த மாதமும் அப்படியே எழுதினேன்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு கூலிக்காரப் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அவரைக் கேட்காமல் எழுதியது போதும்.

வைகாசியில் ஒரு நாள், செஞ்சியில் என் வீட்டுக்கார அம்மாவின் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகளிர் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நான் ரிப்போர்ட் எழுதிய கிராமத்தின் பெயர். அப்புறம் "திருமதி" போட்டு அந்தப் பெயர். அப்புறம் தக்காளி ஜாம்! பாட்டிலைக் கொதிநீரில் எப்படிக் கழுவ வேண்டும், மூடியை எப்படி மெழுகால் அடைக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள் தேன் குரலில் பதில் சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன புள்ள, உன் ஊருதானே? சந்தோஷப்படாம முழிக்கிறியே" என்றார் வீட்டுக்கார அம்மா.

மறுநாள் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தப் பெண் ரோட்டோரம் நின்றிருந்தார்.

"சேவிகாம்மா, நான் இன்னா கேட்டேன்?"

அவ்வளவுதான் கேட்டார். நடந்ததையும் அவரே சொன்னார். நிகழ்ச்சி வந்த அன்றைக்குப் பார்த்துக் குமாஸ்தா எதற்கோ மத்தியானமே பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். அது விதை மல்லாட்டை உரிக்கிற காலம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். விதைக்கு என்றால் பருப்பு உடையக் கூடாது, ஒவ்வொன்றாகக் கையால்தான் உரிக்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டியிருந்த நிலத்துக்காரர் களத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் குழாய் கத்தியிருக்கிறது. களமே சிரித்திருக்கிறது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண்தான் மற்றவர்களுக்காக நிலத்துக்காரரிடம் நின்று பேசுகிறவர். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் கைக்கு ஓய்வு வேண்டும் என்று அன்று காலையில்தான் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் நிலத்துக்காரர். ரேடியோவில் ஜாம் வந்ததும், "ஓ, ஜாம் கிண்டறதுக்குத்தான் ஓய்வு கேட்டியா?" என்று பதில் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது பேச்சு. ஊர்ப் பிள்ளைகள் அவரை ஜாம்காரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நான் ஜாமைக் கண்ணால கண்டதில்ல. இனிமே நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறானுங்க. என் பேச்சுக்கு மதிப்பே போச்சும்மா."

நான் மன்னிப்புக் கேட்டேன். பொய் எழுதியதை ஒப்புக்கொண்டேன். "ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்கக்கா" என்றும் சொன்னேன்.

"நீ மறந்துடுவ. நான் இந்த ஊர்லதானே இருக்கணும்? ரேடியோவுல போன பொய்யி, ரேடியோவுலயே சொன்னாதான் போவும். எழுதிப் போடு."

எழுதினால் என் வேலை போகும் என்றேன். பாவம் பார்ப்பார் என்று நினைத்தேன். "அது நீ பண்ணது. இது எனக்கு நடந்தது" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஒரு வாரம் அவர் என்னை விடவில்லை. சண்டை போடவில்லை, கத்தவில்லை. எங்கே கண்டாலும், "எழுதிட்டியா?" என்ற ஒரே கேள்வி. ஒரு நாள் பி.டி.ஓ. ஜீப்பில் ஊருக்கு வந்தார். நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன், அந்தப் பெண் எதிரே வருகிறார். நேராகப் பி.டி.ஓ.விடமே சொல்லிவிட அந்தப் பெண்ணுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். "என்ன எழுதணுமாம்?" என்றார் பி.டி.ஓ. "லெட்டர் சார்" என்றேன். அந்த நிமிஷமே, வேலை போனால் போகட்டும், இந்தப் பெண்ணுக்கு முன்னால் இனி ஒரு நாள்கூட இப்படி நிற்க முடியாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று மத்தியானமே களத்து ஓரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். ‘எழுத்தறிவில்லாத இந்த ஏழைப் பெண்’ என்று உருக்கமாக ஒரு வரி போட்டிருந்தேன்.

"அது எதுக்கு? அடி அத."

அடித்தேன்.

"நான் ஜாம் கேக்கலன்னு எழுது. நீயா எழுதினேன்னு எழுது. அப்பறம் நான் கேக்கறத எழுது."

"என்ன கேக்கறீங்கக்கா?"

இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்து, வெடிப்புக்குள் மண் ஏறிக் கறுத்துக் கிடந்தன.

"மல்லாட்டை உரிச்சு உரிச்சு இப்டி ஆவுது. சோத்துல கைய வெச்சா உசுரு போவுது. புள்ளயத் தொட்டா அது அழுவுது, முள்ளு மாதிரி இருக்குதாம். இதுக்கு இன்னா பண்றது? கேளு."

நான் நாலைந்து மாதமாக அந்த ஊருக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அந்தக் கைகளை அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லத் தெரியாத அளவு வெட்கமாக இருந்தது. எழுதி முடித்து, செஞ்சி தபாலாபீஸில் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

பி.டி.ஓ.விடமும் நானே போய்ச் சொன்னேன். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு டூட்டி பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தார். கேட்டதும் தூக்கம் பறந்துவிட்டது.

"உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? யாரு கேட்டா உன்னை? அந்த லெட்டரை அனுப்பாத, கிழிச்சுப் போடு!"

"போஸ்ட் பண்ணிட்டேன் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ரேடியோவுல நம்ம ஆபீஸ் பேரு நாறிச்சுன்னா, அடுத்த வருஷம் நீ இங்க இல்ல. ஞாபகம் வெச்சுக்க" என்றார். மெமோவும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மைதானே!

அதற்கப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சி நாளும் நான் குமாஸ்தாவோடு மல்லுக்கு நின்றேன். மத்தியானம் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்றேன். பேட்டரி தீர்ந்தால் நானே செஞ்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். மனிதர் என் தொல்லை தாங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. "உன் லெட்டரு போய்ச் சேர்ந்துச்சா இல்லியா?" என்று அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. களத்துப் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். நிலத்துக்காரரும் வரப்பில் குடையோடு நின்றிருந்தார். அதே தேன் குரல், அதே "திருமதி". முன்பு வாசித்த ஜாம் கேள்வி இந்தச் சகோதரி கேட்டதல்ல, அவர் பெயரில் தவறாக வந்துவிட்டது, அதற்கு வருந்துகிறோம் என்றது குரல். என் பெயரையும் சொல்லவில்லை, ஆபீஸையும் சொல்லவில்லை. பிறகு அவருடைய கேள்வியை, விரல் வெடிப்பு, சோறு, பிள்ளையின் அழுகை எல்லாவற்றோடும் அப்படியே வாசித்தார்கள். அடுத்து வந்ததைத்தான் நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

"இதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளில் யாருக்காவது தெரிந்தால் எங்களுக்கு எழுதுங்கள்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இத்தனை பாடுபட்டது ‘தெரியாது’ என்று கேட்கத்தானா? தயங்கித் தயங்கித்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு!

"கேட்டியா? எம்மாம் பெரிய ரேடியோ! தெரியலன்னு சொல்லிட்டாங்க பாரு, எனக்கோசரம்!" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கே தெரியலன்னு சொல்ல வாய் வருது. ஆளு வரலன்னு சொல்ல உனக்கு இன்னாம்மா வந்துச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அட, இன்னாத்துக்கு அழுவுற?" என்று அந்த வெடித்த விரல்களாலேயே என் கன்னத்தைத் துடைத்தார். பிள்ளை சொன்னது சரிதான், முள் மாதிரித்தான் இருந்தது.

பதில்கள் பிறகு வந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் எழுதியிருந்தார்கள். விளக்கெண்ணெயில் சாம்பலைக் குழைத்துத் தடவிக்கொண்டுதான் அவர்கள் வேலைக்கே உட்காருவார்களாம். கட்டைவிரலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உரிக்கச் சொல்லி வேறொரு ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் ரேடியோவில் வாசித்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் நிலத்துக்காரரிடம் போய் ஓய்வு கேட்டார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. தினமும் தரவில்லை, ரேடியோ வருகிற இரண்டு நாளும் மட்டும் ஒரு மணி நேரம் தந்தார். "மிச்சத்த அடுத்த வருசம் கேக்கறேன்" என்றார் அந்தப் பெண். கேட்டிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. என் வேலையையும் பி.டி.ஓ. முணுமுணுத்துக்கொண்டே நீட்டித்துக் கொடுத்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் செய்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ படிவங்களில் ‘யாரும் வரவில்லை’, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று என் கையால் எழுதிக் கொடுத்து, எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வைகாசிக்கு அப்புறம், எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும், எனக்காக ரோட்டோரம் யார் காத்து நிற்கிறார்களோ என்று பயந்து நான் தலை குனிந்ததில்லை.