மாமனார் ஊற்றிய பெட்ரோல்

போன ஆடிக் கிருத்திகை அன்று காலை, கல்வராயன் மலை ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் என் வண்டி நின்றுபோனது. அது டீசல் வண்டி. டேங்கில் இருந்ததோ பெட்ரோல். ஊற்றியவர் என் மாமனார். நாலு வருஷமாக என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மாமனார். அந்த நேரத்தில் அவரும் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

முருகனை நம்பி மாதாமாதம் கிருத்திகைக்கு ஒன்றாக உட்காருகிற சொந்தங்களே, எனக்கு மைக் பிடித்துப் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

எனக்கு ஊர் நைனார்பாளையம். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். மரவள்ளி, மக்காச்சோளம், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கொடுத்தாலும் ஏற்றுவேன். கச்சிராயபாளையம் பக்கத்துப் பெண் செல்வியை அவங்க வீட்டை மீறித்தான் கட்டிக்கொண்டேன். டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றவர் அவள் அப்பா. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது கூட அவர் வரவில்லை. மாமியார் மட்டும் ஒளிந்து ஒளிந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். செல்வி அழமாட்டாள். ஆனால் அவங்க ஊர்ப் பக்கம் லோடு போய்விட்டு வந்தால், "எங்கப்பா ரோட்டுல நின்னுகினு இருந்தாரா?" என்று மட்டும் கேட்பாள்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. என்னோடு லோடு அடித்தவர்கள் ரெண்டு பேர் இதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி சாகிற வரைக்கும் சாவியைத் திருப்புவேன். அப்புறம் வண்டியைத் திட்டுவேன். அப்புறம் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைத் திட்டுவேன்.

இப்படி இருக்கும்போது போன ஆடியில் மாமியார் போன் போட்டார்கள். மலைமேல் இருக்கிற சின்ன முருகன் கோயிலில் பேத்திக்கு முடி இறக்குவதாக மாமனார் வேண்டிக்கொண்டாராம். குழந்தை பிறந்த அன்றைக்கே வேண்டிக்கொண்டாராம். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாளே மாமனார் வீட்டுக்குப் போனோம். கல்யாணம் ஆகி நான் அந்த வாசப்படி மிதித்தது அதுதான் முதல் தடவை. என்னை வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பேச வேண்டியதையெல்லாம் குழந்தை மூலமாகத்தான் பேசினார். "பாப்பா, உங்கப்பன கைகால் கழுவிகினு சாப்ட சொல்லு." பாப்பா வந்து என்னிடம், "கழுவு" என்பாள். மூன்று வயது தூதுவர்.

காலையில் மாமியாரும் உறவுக்காரர்களும் பொங்கல் வைக்க முதல் பஸ்ஸில் மேலே போய்விட்டார்கள். நான், செல்வி, பாப்பா, மாமனார் நாலு பேரும் வண்டியில் கிளம்பினோம். முந்தின நாள் ராத்திரி டீசல் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் பார்த்தால் நன்றாக ஏறி நிற்கிறது. அந்த முள் எப்போதும் ஒழுங்காகக் காட்டாது. நல்ல நாளும் அதுவுமாகத் திருந்திவிட்டது போல என்று நினைத்தேன். பங்க்கில் நிற்காமல் போய்விட்டேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் இஞ்சின் சத்தம் மாறியது. டொக் டொக் என்று அடித்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை. பின்னாடி வெள்ளையாகப் புகை. ஒரு வளைவில் திணறி, உதறி, நின்றுவிட்டது. இஞ்சின் நின்றால் பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். ஏறி மிதித்து, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்தேன். செல்வி குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். டிரைவர் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் சாவியில் கை வைத்தேன். அப்போது மாமனார் பாப்பாவிடம் சொன்னார். "பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு. எண்ணெ தீந்திருக்காது. தாத்தா விடியகாலம் மொபெட்ல போயி பெட்ரோல் வாங்கியாந்து ஊத்தி வச்சிருக்கேன், அஞ்சு லிட்டர். டீசல விட ஒஸ்தி. நம்ம வூட்டுக்கு வந்த வண்டிக்கு கம்மி வெலைல ஊத்துவனா?"

அவர் முகத்தில் ஒரு பெருமை. சின்னதாக, வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அடக்கி வைத்த பெருமை. டீசல் டிராக்டருக்குப் போடுவது, பெட்ரோல் அதைவிட விலை அதிகம், அப்படியானால் மாப்பிள்ளை வண்டிக்கு அதுதான் மரியாதை. அவர் கணக்கு அவ்வளவுதான். பேசத்தான் வாய் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து போய் வாங்கி வந்து ஊற்ற மனசு வந்திருக்கிறது.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது என் இஞ்சின் மட்டும்தான். பெட்ரோலோடு ஓட்டினால் டீசல் பம்ப்பு தேய்ந்து வீணாகிவிடும். என் சோறே அந்த வண்டிதான். உடம்பெல்லாம் சூடு ஏறியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன், கோயிலில் வாசிப்பீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தும்விட்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நாலு வருஷம் காத்திருந்த பெண். நான் வாயைத் திறந்தால் அதோடு முடிந்தது. அந்த மனுஷன் அங்கேயே இறங்கி நடந்து போய்விடுவார், சாகிற வரை திரும்பிப் பார்க்க மாட்டார்.

சாவியிலிருந்து கையை எடுத்தேன். கீழே இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கும்பிட்டேன். "முருகா, என் வாயைக் கட்டு. வண்டி அப்புறம். முதல்ல என் வாயைக் கட்டு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. பாட்டு இல்லை, மந்திரம் இல்லை. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல, தொண்டையில் நின்றது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நிஜமாகவே இறங்கியது. என் ஆயுசில் அப்படி நடந்ததே இல்லை.

திரும்பி வந்து, "வண்டி சூடாயிடுச்சி, கொஞ்சம் ஆறட்டும்" என்று மட்டும் சொன்னேன். செல்வி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் ஒரு வண்டிகூட வரவில்லை. போனில் டவர் இல்லை. பிறகு கீழே இருந்து ஒரு ஜீப் வந்தது. மேலே ரோடு வேலை நடக்கிறது, அங்கே மண் அள்ளுகிற பொக்லைனுக்கு டீசல் கொண்டு போகிற ஜீப். பின்னாடி ரெண்டு பேரல் டீசல், நாலைந்து காலி கேன், ஸ்பானர் பெட்டி. ஓட்டி வந்தவர் பொக்லைன் ஆபரேட்டர். எனக்கு அந்த மலையில் வேறு எது வேண்டும், சொல்லுங்கள். அவர் பெயர் வேலு என்றோ முருகேசன் என்றோ சொல்வேன் என்று காத்திருப்பீர்கள். அவர் பெயர் அந்தோணி. நம்ம ஆள் யாரை வேண்டுமானாலும் அனுப்புவான்.

அந்தோணி டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மாமனார் கையில் பீடி இருந்தது. "பெரியவரே, அத அணைச்சிட்டு தூரமா போங்க" என்று ஒரு அதட்டல். அடுத்து என்னைப் பார்த்து, "எந்தக் கூறு கெட்டவன்யா இதுல பெட்ரோல ஊத்தனது?" என்றார்.

மாமனார் பீடியை மிதித்த கால் அப்படியே நின்றது. செய்தது தப்பு என்று அப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

"நான்தாங்க. தூக்கக் கலக்கத்துல மாத்தி ஊத்திட்டேன்" என்றேன். முருகன் மலையில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். எனக்கு வெட்கமே இல்லை.

அந்தோணி தலையில் அடித்துக்கொண்டார். டேங்க் அடியில் இருக்கிற நட்டைக் கழற்றி எல்லாவற்றையும் கேனில் வடித்தோம். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேரலிலிருந்து டீசல் ஊற்றினோம். கைப்பம்ப்பை அடித்து அடித்து லைனில் இருந்த காற்றை எடுத்தார். "நின்னதும் சாவிய திருப்பித் திருப்பி அடிக்காம உட்டீங்களே, அதான் பொழச்சிது. பம்ப்பும் பழசு, தாங்கிக்கும்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் வாய்க்குத்தான் கேட்டேன். கையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

வண்டி இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "இனிமேலாவது முழிச்சிகினு ஊத்துப்பா" என்றார்.

"அவரு ஊத்தலீங்க." மாமனார் குரல். தூரத்தில் நின்றவர் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். "நான் ஊத்தனேன். ஒஸ்தின்னு நெனச்சி ஊத்திட்டேன். மாப்ள என்னய ஒரு வார்த்த சொல்லல."

மாப்ள. நாலு வருஷத்தில் முதல் தடவை. செல்வி பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் திரும்பி நின்றாள். முதுகு குலுங்குவது தெரிந்தது. மாமனார் அவளிடம் போகவில்லை. என் பக்கம் வந்து, என் முகம் பார்த்து, "ஏறுங்க மாப்ள, பாப்பாவுக்கு நேரமாவுது" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கட்டச் சொன்னதை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை போல.

முடி இறக்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. பாப்பா மாமனார் மடியில் உட்கார்ந்து அழுதாள், அவரும் கூட அழுதார். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருகிறார். என்னை உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசுகிறார். சில நாள் போதுமே என்றுகூட இருக்கிறது. கோபம் எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் செல்வி சிரிப்பாள். கோபம் வரும்போது வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன், அவ்வளவுதான்.

நோய்க்கும் கஷ்டத்துக்கும் நீங்கள் எல்லோரும் வேண்டுகிறீர்கள், வேண்டுங்கள். வார்த்தை வாய் வரைக்கும் வந்து நிற்கிற அந்த அரை நிமிஷத்துக்கும் அவனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எனக்கு வந்தான். ஒரு அப்பாவைப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தான். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் பேசாமல் இருப்பார். நம்பிக் கேளுங்கள், கொடுப்பான்.