பாரிஸ் காட்டிய மச்சாள்

பாரிசில் நான் பதினொரு வீடுகளைப் பார்த்தேன். பாரிசைப் பார்க்கவில்லை.

என் மச்சாள், கணவரின் அக்கா, அங்கே முப்பது வருடமாக இருக்கிறார். நானும் கணவரும் ரொறன்ரோவிலிருந்து பத்து நாள் லீவு எடுத்துப் போய் அவர் வீட்டில்தான் இறங்கினோம். எனக்கு ஒரே ஓர் ஆசை. ஆற்றின் நடுவே, தீவில், ஒரு பழைய தேவாலயம். அதன் நிறக்கண்ணாடி யன்னல்களுக்குள்ளால் வெயில் விழுவதைப் பார்க்கவேண்டும். வேலையிடத்தில் என் கணினித் திரையில் வருடக்கணக்காக அந்தப் படம்தான். முதல் நாளே மச்சாளிடம் சொன்னேன். "ஓம், கட்டாயம் போவம்" என்றார்.

போனோம், சொந்தக்காரர் வீடுகளுக்கு. கனடாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனால் கோபிப்பார்களாம். ஒரு வீட்டில் மத்தியானச் சோறு, அடுத்த வீட்டில் ரோல்சும் தேத்தண்ணியும், மூன்றாவது வீட்டில் ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பம். யாருடைய சாமத்தியவீடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டாம் நாள், சாப்பிடக் கூப்பிட்ட ஒருவரின் காரில் போகும்போது தூரத்தில் ஒரு கோபுர நுனி தெரிந்தது. மச்சாள் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"உந்தா ஒரு சேர்ச். நீர் கேட்டது உதாத்தான் இருக்கும். பாத்தாச்சுத்தானே?"

அது நான் கேட்ட தேவாலயமே அல்ல. திரும்பும்போது விமானத்தில் அழுதேன். கணவர் பக்கத்தில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் கழித்து, போன கோடையில், மச்சாள் தனியாக ரொறன்ரோ வந்தார். வந்து இறங்கியதும் சொன்னார்: "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நயாகராவை மட்டும் ஒருக்காக் காட்டிவிடும்."

"ஓம் மச்சாள், கட்டாயம்" என்றேன். உள்ளுக்குள் வெடி கொளுத்தினேன்.

வோபர்ன் பக்கம் அவருடைய பெரியம்மாவின் மகள் வீடு. மார்க்கத்தில் மூன்று வீடு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு தரம். என் சினேகிதியின் மாமியார் வீட்டைக்கூட நான் விடவில்லை. மச்சாள் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தட்டில் இடியப்பம் விழும். நான் பக்கத்திலிருந்து "இன்னும் ரெண்டு வையுங்கோ அன்ரி" என்பேன்.

"ஒருநாள் அக்காவை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போவமே?" என்று கணவர் இழுத்தார்.

"சனம் கோபிக்குமப்பா" என்றேன்.

மிஸிசாகாவில் ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் பச்சைப் பலகை வந்தது. காரை மெதுவாக்கினேன். "உந்தா மச்சாள், நயாகரா எண்டு போட்டிருக்கு." அவர் பலகையைப் பார்த்தார். எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

விமானநிலையத்தில் பெட்டி போட்டு முடிந்ததும் அவரே தொடங்கினார்.

"நான் உம்மை அந்தச் சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டுதானே?"

"ஓம்" என்றேன். மூன்று வருடம் காத்திருந்த ஓம்.

"எனக்கு வழி தெரியாது பிள்ளை. வீடு, வேலை, தமிழ்க் கடை. முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்சது உவ்வளவுதான். அதை உம்மட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்துது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பழி தீர்த்த சந்தோசத்தைக்கூட அந்த மனுசி எனக்கு விட்டுவைக்கவில்லை. நயாகராவுக்கு எனக்கு நன்றாக வழி தெரியும். வருடத்துக்கு நாலு தரம் போகிறவள் நான்.