நான் அழித்த மூன்று கோப்புகள்

அரியலூரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் தற்காலிக வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரம்பலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். தமிழ் டைப்பிங் வேகமாக வரும். அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அந்தப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. அந்தக் காலத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் படித்துவிட்டு நின்றவர்கள், இப்போது முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒருவராவது வருவார். ஒவ்வொருவருக்காகவும் பதிவேட்டைப் புரட்டும்போது தாள் உதிர்ந்தது. யுத்த காலத்துக் காகிதம். தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், விலகிய காரணம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரு பையனுக்கு நேரே ‘ரங்கூனிலிருந்து வந்தவன்’ என்று சிவப்பு மையில் இருந்தது. விலகிய காரணம் என்ற இடத்தில் ‘மாடு மேய்க்க’ என்று நிறைய. ‘அம்மை’ என்றும் சில.

ஏடுகளில் கரையான் ஏறியிருந்தது. மற்றவற்றுக்கும் பரவிவிடும் என்று, நான் சரிபார்த்து முடித்த மூன்று ஏடுகளைப் பள்ளிக்குப் பின்னால் போட்டு எரிக்கச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். அதன்பிறகு அந்தப் பெயர்கள் இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, படித்துவிட்டு வந்த எனக்கும் தோன்றவில்லை.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்க ஓர் அக்கா வருவார். கல்லங்குறிச்சிக்காரர். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். என்னை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தால், அவர் தூக்குவாளியிலிருந்து ஒரு கரண்டி கீரை என் டப்பாவுக்கு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி அரை நாள். கூடப் படித்தவள் கொடுத்த சினிமாப் பாட்டு சிடி ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை செய்யும்போது மெதுவாகப் போட்டுக் கேட்கலாம் என்று ஆசை. பாதியில், இடமில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. பாட்டை அழிக்க மனம் வரவில்லை. மறைத்து வைத்திருக்கும் கோப்புகளை வெளியே காட்டச் செய்வது எப்படி என்று வகுப்பில் கற்றிருந்தேன். காட்டச் செய்தேன். பெயரே புரியாத சில கோப்புகள் மங்கலாகத் தெரிந்தன. நான் உருவாக்காதவை, யாரும் திறக்காதவை. மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். ‘இது கம்ப்யூட்டர் இயங்கத் தேவையான கோப்பு, நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அவை அளவில் ஒன்றுமே இல்லாத சின்னக் கோப்புகள். ஒரு பாட்டுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. அலுத்துப்போய் அணைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நின்றது. மேலே வெள்ளை எழுத்தில் ஒரே வரி. ஐந்தெழுத்தில் ஏதோ பெயர் சொல்லி, அதைக் காணவில்லை என்றது. அணைத்துப் போட்டேன். அதே வரி. ஃப்ளாப்பி ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பின்னாலிருந்த வயர்களையெல்லாம் கழற்றி மாட்டினேன். மூன்றாம் முறை அந்த வரி வந்தபோதுதான் அந்த ஐந்தெழுத்தை எங்கே பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை நான் அழித்த மூன்றில் ஒன்று.

தலைமையாசிரியர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“ஸ்டார்ட் ஆவலைங்க சார்.”

“பதிவேடு?”

நான் மறுபடி பவர் பட்டனை அழுத்தினேன். எரித்த ஏடுகள் அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “யாரு தொட்டது இத?”

“தெரியலைங்க சார்.”

அந்த அக்கா வாளியோடு வாசலில் நின்றிருந்தார். அவராகவே சொன்னார்: “நான் சனிக்கிழமை துடைக்கறப்ப பிளக்கைப் புடுங்கினேங்க சார். தண்ணி பட்டுரும்னு. திரும்ப மாட்டிட்டேன்.”

“அப்படியே புடுங்கிட்டியா?” என்று கத்தினார். “அதுக்குன்னு ஒரு முறை இருக்கு, தெரியுமா உனக்கு? நாலு மாச வேலை போச்சே!”

அக்கா துடைக்க வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரை நான் அணைத்துவிட்டுப் போயிருந்தேன். பிளக்கைப் பிடுங்கியதால் எதுவும் ஆகியிருக்காது. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அக்கா என்னைப் பார்த்தார். ‘நீ சொல்லு பாப்பா’ என்பது போன்ற பார்வை. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். வாளியை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா போனார்.

அரியலூரில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். “ஃபார்மட் போட்டா ஓடும். உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்” என்றார். நான் வேண்டாமென்று சொல்லி, பெரம்பலூரில் நான் படித்த இடத்துக்குப் பக்கத்தில் மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோக அனுமதி கேட்டேன். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் தூக்கிப் போடும்போது பெட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் பெயராக இருந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், எத்தனை பேர் இன்னும் சான்று கேட்டு வருவார்கள் என்று யோசனை ஓடியது. அந்த அக்காவைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காகவே அதை யோசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெரம்பலூர்க் கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெட்டியைத் திறந்து பிரஷால் தூசி தட்டினார். மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்துத் திரும்ப மாட்டினார். அதே வரி. ஒரு சிடியைப் போட்டு, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதுல என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலைங்க. பிளக்கைப் புடுங்கிட்டாங்க.”

“பிளக்கைப் புடுங்கினா டிஸ்க் கெட்டுப் போவலாம். டிஸ்க் நல்லா இருக்கு. ஸ்டார்ட் பண்ற மூணு ஃபைல மட்டும் பொறுக்கி எடுத்திருக்கு. யாரோ அழிச்சிருக்காங்க.”

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் சிடியிலிருந்து அந்த மூன்றையும் திரும்ப எழுதி, அணைத்துப் போட்டார். கறுப்புத் திரை வந்தது, போனது, நீலப் படம் வந்தது. மொத்தமே கால் மணி நேரம். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ரங்கூன் பையன் இருந்தான்.

“பாட்டு நெறைய ஏத்தியிருக்கீங்க போல. அதைக் கொஞ்சம் குறைங்க” என்றார் அவர். முகம் சுட்டது.

பள்ளியில் கம்ப்யூட்டர் ஓடியதும் தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. என்னைப் பாராட்டினார். ஏன் கெட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு ஒன்பது நாள் ஓட்டினேன். புதிதாக ஒரு பெண் வந்து பெருக்கினார். மதியம் டப்பாவைத் திறந்தால் சாப்பாடு இறங்காது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கல்லங்குறிச்சி போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். “வா பாப்பா” என்று எழுந்தார். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு, இடமில்லாதது, மூன்று கோப்புகள், பெரம்பலூர்க் கடைக்காரர் சொன்னது. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் அழவில்லை. கையிலிருந்த செடியை உதறினார்.

“அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“எங்கிட்ட வந்து ஏன் சொல்ற? நானா ஒன்ன வேலய வுட்டு அனுப்பப் போறேன்? அங்க போயி சொல்லு.”

தண்ணீர் கொடுத்தார். மறுபடி காய் பறிக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை வெளில பேச வேணாம்” என்றார். ஏடுகளை எரிக்கச் சொன்னது அவர்தான் என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க சார். இல்லன்னா நடந்ததையெல்லாம் எழுதிக் குடுத்துட்டு நான் போயிடறேன்.”

என்னை முறைத்தார். ஆனால் ஆள் அனுப்பினார். புதிதாக வந்த பெண்ணுக்கு வகுப்பறைகளைக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் பழையபடி ஆபீஸைக் கொடுத்தார்கள்.

அக்கா வந்தார். யாரிடமும் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. வராந்தா, தலைமையாசிரியர் அறை, ஸ்டோர் எல்லாம் முன்போலவே துடைப்பார். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வந்தால் மட்டும் நிலைப்படியோடு துணியை நிறுத்திப் பிழிந்துவிட்டு நகர்ந்துவிடுவார். முதல் வாரம் நான், “உள்ள வாங்கக்கா, நான் இருக்கேன்ல” என்றேன். “வேணாம்மா” என்றார். பாப்பா என்று சொல்லவில்லை.

மீதி ஏடுகளை முடிக்க எனக்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. அதுவரை அந்த அறையை நான்தான் பெருக்கினேன்.